தேங்காய்ப் படம் போட்ட பாமாயில்

கேள்வி: களியக்காவிளையில் குடியிருக்கிறோம். எல்லை தாண்டி கேரளத்தின் பாறசாலையில் ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கினேன். முன்பக்கம் முழுக்கத் தேங்காய்ப் படம், மலையாளத்தில் ‘நாடன் ருசி’ (நாட்டு ருசி) என்று பெரிய எழுத்து. வீட்டுக்கு வந்ததும் மகள் பின்பக்கத்தைப் படித்தாள். பாமோலின் (பாமாயில்தான்) 80 சதவீதம், தேங்காய் எண்ணெய் 20 சதவீதமாம். கடைக்காரரிடம் கேட்டால், “அதுதான் அச்சடிச்சிருக்கே” என்கிறார். வழக்குப் போட திருவனந்தபுரம் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம், உங்கள் மாவட்டத் தலைநகரான நாகர்கோவிலே போதும். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ வழக்குக்குக் காரணம் எழுந்த ஊரையோ தேடிப் போக வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தர விடுகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை (என் பிழைப்புக்குக் கேடுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்). 2 ஆண்டுக்குள் தர வேண்டும்.

சரி, ஜெயிக்குமா? எண்ணெய்களைக் கலந்து விற்பதே குற்றமில்லை. ஒவ்வொரு எண்ணெயும் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும், அளவை லேபிளில் சொல்ல வேண்டும், அக்மார்க் முத்திரை வேண்டும். உங்கள் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் சட்டம் அனுமதிக்கும் அடிமட்ட அளவுதான்! ஆனால் கடைக்காரர் சொல்வது பாதிதான் சரி. 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, பொருள் உண்மையில் என்ன என்பதைக் காட்டும் பெயர் முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும். கலப்பெண்ணெய்க்கு இப்போது ‘மல்டி சோர்ஸ் எடிபிள் ஆயில்’ என்று போடுகிறார்கள். அது முன்னால் இல்லாமல் தேங்காய் மட்டும் சிரித்தால் உங்கள் பக்கம் பலம். பெயர் தெளிவாக முன்னால் இருந்து, நீங்கள்தான் கவனிக்கவில்லை என்றால் வழக்கு நொண்டும்.

கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். மலையாளத்தில் மட்டும் இருந்தால் அதுவும் தவறு. லேபிளில் உள்ள எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம். 113 என்று தொடங்கினால் கேரள உரிமம், 124 என்றால் தமிழ்நாடு, 100 என்றால் மத்திய உரிமம். புகாரை எந்த அதிகாரிக்கு அனுப்புவது என்பதற்கு இது உதவும். ஏமாற்றும் லேபிளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 3 லட்சம் வரை அபராதம் உண்டு. அது அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. உங்கள் பணமும் இழப்பீடும் ஆணையத்தில்தான் கேட்க வேண்டும்.

அந்த 20 சதவீதமே பொய்யோ என்று சந்தேகமா? அதே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி நீங்களே உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கலாம். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். ஆகவே இந்த பாட்டில் அதற்கு உதவாது, இன்னொன்று வாங்கித்தான் ஆக வேண்டும். பரிசோதனையில் தவறு நிரூபணமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் பதிந்து, நிறுவனத்துக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். பல நேரம் அதிலேயே முடிந்துவிடும். அதுவரை மீதி எண்ணெயில் அப்பளம் பொரித்துத் தீர்த்துவிடாதீர்கள். பாட்டில், பேட்ச் எண் தெரியும் படம், பில் மூன்றும் வேண்டும். பில் வாங்கினீர்களா என்று எழுதவே இல்லையே?