வாசகர் கேள்வி – பதில்: மலையூர்களில் வேப் பழக்கமும் பொது இடங்களும்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் அண்மையில் வந்த கடிதங்களில் பல, இ-சிகரெட் அல்லது வேப் எனப்படும் கருவியைப் பலர் கூடும் இடங்களில் பயன்படுத்துவதைப் பற்றியே இருந்தன. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் வீட்டின் ஒரு பகுதியை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறோம். வார இறுதியில் வரும் இளைஞர்கள் பொதுக் கூடத்தில் உட்கார்ந்து வேப் இழுக்கிறார்கள். மூச்சிரைப்பு உள்ள குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் இதனால் பாதியிலேயே அறையைக் காலி செய்தது. கேட்டால், ‘இது புகை இல்லை ஆன்ட்டி, வெறும் நீராவி’ என்கிறார்கள். நான் என்ன சொல்வது?

பதில்: அவர்கள் சொல்வது உண்மையல்ல என்பதிலிருந்து தொடங்குங்கள். வேப் கருவிக்குள் தண்ணீர் கொதிப்பதில்லை. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகிய திரவங்களில் நிகோடினையும் வாசனைப் பொருள்களையும் கலந்து வைத்திருப்பார்கள். பேட்டரியின் மின்சாரத்தில் சூடேறும் சிறு கம்பிச்சுருள் அந்தக் கலவையை மிக நுண்ணிய துளிகளாக மாற்றுகிறது. இழுப்பவர் அதை முழுவதும் தம் உடம்புக்குள் வைத்துக்கொள்வதில்லை. அவர் வெளிவிடும் மூச்சோடு நிகோடினும் நுண்துகள்களும் அறைக்குள் கலக்கின்றன. நிகோடின் சுவரிலும் திரைச்சீலையிலும் படியவும் செய்கிறது. சிகரெட்டோடு ஒப்பிட்டால் அளவு குறைவுதான். சிகரெட் இரண்டு இழுப்புகளுக்கு நடுவிலும் தானே எரிந்து புகைந்துகொண்டிருக்கும், வேப் அப்படிச் செய்வதில்லை என்பதே அதற்குக் காரணம். ஆனால் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றாகிவிடா. அதிலும் நம் மலையில், மாலை நான்கு மணிக்கு மேல் பனி இறங்கினால் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு எல்லாரும் ஒரே கூடத்தில் ஒடுங்கிக்கொள்ளும் வழக்கம் இருக்கையில், சமவெளி வீட்டின் காற்றோட்டத்தை எண்ணிச் சொல்லப்படும் சமாதானங்கள் இங்கே பொருந்தா. மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு அந்த அறை ஏற்றதல்ல. அந்தக் குடும்பம் கிளம்பியது சரியே.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு 2018-இலேயே இ-சிகரெட்டுக்குத் தடை விதித்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. இந்தச் சட்டத்தின்படி இ-சிகரெட்டைத் தயாரித்தல், இறக்குமதி செய்தல், கொண்டு செல்லுதல், விற்றல், விநியோகித்தல், விளம்பரப்படுத்துதல் ஆகிய அனைத்தும் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். சேமித்து வைப்பதற்குத் தனியாக ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ‘எங்களுடையதில் நிகோடின் இல்லை’ என்று சிலர் வாதிடுவார்கள். நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கருவி இச்சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. ஒருவர் இழுப்பதை மட்டும் தனிக் குற்றமாக இச்சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பிரிவு இருக்கிறது: ஓர் இடத்தின் உரிமையாளரோ பொறுப்பாளரோ தெரிந்தே அங்கு இ-சிகரெட்டைச் சேமித்து வைக்க அனுமதிக்கக் கூடாது. ஆகவே ‘கூடத்தில் வேண்டாம், பின்பக்க வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று இடம் ஒதுக்கித் தருவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முப்பது அறைகளுக்குக் குறையாத ஹோட்டல்களில் புகைபிடிக்கத் தனி அறை வைக்கலாம் என்ற சலுகை புகையிலைச் சட்டத்தில் உண்டு. அது உங்கள் வீட்டுக்கும் பொருந்தாது, வேப் கருவிக்கும் பொருந்தாது.

வந்த பிறகு சண்டையிடுவதைவிட, அறை பதிவு செய்யும்போதே ‘புகைபிடித்தலுக்கும் வேப் பயன்படுத்துவதற்கும் அனுமதி இல்லை’ என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கூடத்தில் ஓர் அறிவிப்பும் இருக்கட்டும். அதற்கு மேலும் ஒருவர் இழுத்தால், ‘தம்பி, குளிரில் ஜன்னலைத் திறக்க முடியாத கூடம் இது. குழந்தைகளும் பெரியவர்களும் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். இங்கே வேண்டாம்’ என்று குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். விருந்தினர் மனம் நோகுமே என்று தயங்க வேண்டியதில்லை. அறையைக் காலி செய்து போன அந்தக் குடும்பமும் உங்கள் விருந்தினர்தான்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வந்த பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்தவர் சட்டைக் கைக்குள் மறைத்து வேப் இழுத்தார். பழ வாசனை அடித்தது, எனக்குக் குமட்டியது. நடத்துநரிடம் சொன்னேன். ‘சிகரெட் நாற்றம் இல்லையே, விடுங்கம்மா’ என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் பேசாமல் இருந்தார்கள். நான் மிகைப்படுத்துகிறேனா?

பதில்: இல்லை. பர்லியாறு தாண்டியதும் ஜன்னல்களை அடைத்துவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டியில் சாதாரண நேரத்திலேயே பலருக்கு வயிற்றைப் புரட்டும். இனிப்பு வாசனை சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின்படி பேருந்து ஒரு பொது இடம். அந்தச் சட்டத்தின் கீழ் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பொது இடத்துக்குப் பொறுப்பாக இருப்பவரே அங்கு யாரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கின்றன. அந்தச் சட்டம் புகையிலையைப் புகைப்பதைப் பற்றியே பேசுகிறது; ஆகவே வேப் அதற்குள் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். பேருந்தில் அந்த வாதம் தேவையே இல்லை. விற்கவே தடை செய்யப்பட்ட பொருளை, மற்றவர்களுக்குத் தொல்லை தரும்படி வண்டிக்குள் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்ல நடத்துநருக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. அடுத்த முறை முதலில் அந்தப் பயணியிடமே நேரடியாக, ‘எனக்குக் குமட்டுகிறது, தயவுசெய்து நிறுத்துங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் உடனே பைக்குள் வைத்துவிடுவார்கள். நடத்துநர் மறுத்தால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு பணிமனைக்கு எழுதுங்கள். பக்கத்தில் இருந்தவர்கள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஒப்புதல் அல்ல என்றே நினைக்கிறேன். இது தவறா, இல்லையா என்று தெரியாத குழப்பம்தான் அவர்களை வாயடைத்திருக்கும்.

கேள்வி: இங்கிலாந்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கோத்தகிரிக்குத் திரும்பியிருக்கிறேன். பதினைந்து வருடச் சிகரெட் பழக்கத்தை வேப் மூலம்தான் விட்டேன். அங்கே மருத்துவர்களே அதை ஊக்குவித்தார்கள். இங்கே டீக்கடை வாசலில் பீடியும் சிகரெட்டும் பிடிப்பவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என்னை மட்டும் ஏதோ போதைப் பொருளோடு வந்தவனைப் போலப் பார்க்கிறார்கள். இது நியாயமா?

பதில்: பதினைந்து வருடப் பழக்கத்தை விட்டது பெரிய காரியம், அதை முதலில் மனதாரப் பாராட்டுகிறேன். பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை, சிகரெட்டைவிட வேப் மிகக் குறைந்த தீங்கு உடையது என்றும், புகைபிடிப்பவர்கள் சிகரெட்டைக் கைவிட உதவுவது என்றும் சொல்வது உண்மைதான். அதே துறை, புகைபிடிக்காதவர்களும் சிறுவர்களும் இதைத் தொடவே கூடாது என்றும் சொல்கிறது. 2007 ஜூலை முதல் இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. வேப் அந்தத் தடைக்குள் வரவில்லை என்றாலும், ரயில் நிறுவனங்கள் தங்கள் வண்டிகளில் அதை அனுமதிப்பதில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் கருவிகளின் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் அந்த நாடே தடை செய்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் இவை மருந்துக் கடைகளில் மட்டுமே கிடைக்கும். சிங்கப்பூரில் 2018 முதல் வைத்திருப்பதே குற்றம். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கணக்குப் போட்டிருக்கிறது. நம் நாடு போட்ட கணக்கு, இளம்பிள்ளைகளிடம் இது பரவுவதற்கு முன் கதவை அடைத்துவிட வேண்டும் என்பது. அதில் உங்களைப் போல் சிகரெட்டை விட முயல்பவர்களுக்கு இழப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

டீக்கடையைப் பற்றி நீங்கள் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது, அதைச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன். டீக்கடையும் பொது இடம்தான். அங்கே புகைபிடிப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனாலும் நம் மலையில் பீடிக்கு ஒரு தனி மன்னிப்பு இருக்கிறது. எஸ்டேட் லைன் வீடுகளிலும், விடியற்காலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் இடங்களிலும், ‘குளிருக்கு இதமாக இருக்கும், பாவம், பிடித்துவிட்டுப் போகட்டும்’ என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் நிகோடின் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். விரல் நுனிகள் முன்னைவிடக் குளிர்ந்துபோகும். உடம்பு சூடேறியதாகத் தோன்றுவது பழகிய நரம்புக்குக் கிடைக்கும் நிம்மதி மட்டுமே. பழகிய தீமையைப் பொறுத்துக்கொண்டு புதிய தீமையை மட்டும் முறைத்துப் பார்ப்பது ஊரின் குணமாக இருக்கிறது. வேப் பிடிப்பவர் வெளியூர்க்காரர், வசதியானவர், கெட்டுப்போன பிள்ளை என்ற எண்ணமும் அதில் கலந்திருக்கிறது. அது மாற வேண்டும். ஆனால் டீக்கடையில் சிகரெட் பிடிக்கிறார்கள் என்பது, அதே டீக்கடைக்குள் நீங்களும் வேப் இழுப்பதற்கு அனுமதி ஆகிவிடாது. இரண்டு பேரையும் ஒரே விதமாக வெளியே போகச் சொல்வதுதான் நியாயம்.

இனி உங்கள் நிலை. இங்கே அதற்கான திரவத்தையும் உதிரிப் பொருளையும் சட்டப்படி வாங்க வழியே இல்லை. கள்ளத்தனமாக விற்கப்படும் திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. 2019-இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியவர்களிடம் பரவிய கடும் நுரையீரல் பாதிப்பில் 2,800-க்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். முறையற்ற வழியில் விற்ற கஞ்சாத் திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் அதற்கு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. எனவே அடுத்த அடியையும் எடுத்து வைத்துவிடுங்கள். நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. மருத்துவரிடம் கேட்டு அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். 1800 11 2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். சிகரெட்டை விட்டவருக்கு இதுவும் முடியும்.

கேள்வி: என் மகன் நீலகிரியில் ஒரு விடுதிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். அவன் அறையில் இருக்கும் மாணவன் இரவில் போர்வைக்குள் வேப் இழுக்கிறானாம். ‘வார்டனிடம் சொன்னால் காட்டிக்கொடுத்தவன் என்று ஒதுக்கிவிடுவார்கள் அம்மா, நீங்களும் சொல்லாதீர்கள்’ என்று அழுகிறான். என்ன செய்வேன்?

பதில்: இதைச் சொல்லும் சுமை உங்கள் மகனுடையது அல்ல, உங்களுடையது, அதை முதலில் அவனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிறகு பள்ளி முதல்வரிடமோ வார்டனிடமோ நேரில் பேசுங்கள். எந்தப் பெயரையும் சொல்லாமல், விடுதியில் இப்படி நடப்பதாகத் தெரியவருகிறது, எல்லா அறைகளையும் ஒருசேரப் பார்வையிடுங்கள் என்று மட்டும் கேளுங்கள். ஓர் அறையை மட்டும் சோதித்தால் யார் சொன்னது என்று மாணவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கருவி பேனா போலவோ பென் டிரைவ் போலவோ இருக்கும் என்பதையும் வார்டனுக்கு நினைவுபடுத்துங்கள். அதைப் போர்வைக்குள் சார்ஜ் போட்டு வைத்தால் லித்தியம் பேட்டரி தீப்பற்றும் ஆபத்தும் இருக்கிறது. பலர் உறங்கும் அறையில் இதைத் தள்ளிப்போட முடியாது.

இன்னொன்றையும் பள்ளியிடம் வலியுறுத்துங்கள். அந்த மற்றப் பையனும் குழந்தைதான். இளம் வயது மூளையை நிகோடின் மிக விரைவில் தன்வயப்படுத்திவிடும். அவன் இரவில் போர்வைக்குள் இழுப்பது திமிரால் அல்ல, இழுக்காமல் தூங்க முடியாததால் இருக்கலாம். மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டால் பள்ளிக்குத் தலைவலி தீரும், பையனுக்குப் பழக்கம் தீராது. அவன் பெற்றோரை அழைத்து, மருத்துவரிடமும் உளநல ஆலோசகரிடமும் காட்டுவதே பள்ளியின் கடமை. போலீசுக்குப் போக வேண்டியது, பள்ளிப் பிள்ளைக்கு அதை விற்றவனைத் தேடி.

கேள்வி: உதகையில் பூங்கா ஓரமாக நடக்கும்போது, பயன்படுத்தி எறியப்பட்ட வேப் கருவிகள் கிடக்கின்றன. எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடலாமா?

பதில்: வெறுங்கையால் எடுக்காதீர்கள். மிச்சமிருக்கும் நிகோடின் திரவம் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும்; குழந்தையோ நாயோ வாயில் வைத்தால் நஞ்சாகும். மக்கும் குப்பையோடும் சேர்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கலாம். கையுறை அணிந்தோ தாளால் பற்றியோ எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, உள்ளே பேட்டரி இருக்கிறது என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். ஒரே இடத்தில் அடிக்கடி கிடந்தால், அருகில் எங்கோ விற்பனை நடக்கக்கூடும். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் உதவி ஆய்வாளருக்கே அதிகாரம் இருக்கிறது.