டிலே காம்பன்சேஷன் ஆனில் இருந்தும் பாடுபவருக்குக் குரல் ஏன் தள்ளிக் கேட்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தமாக மெட்டமைத்த ஒரு பக்திப் பாடல், வீட்டிலேயே பதிவு. கீபோர்டு, மிருதங்கம் எல்லாம் கிளிக்குக்கு (தாளம் காட்டும் தட்டொலிக்கு) வாசித்துப் பதிவாகி, பாதி மிக்ஸும் முடிந்திருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து பதிவு; அந்த ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் சாம்பிள்கள், 256. எல்லா டிராக்கும் கடைசியில் சேரும் மாஸ்டரில் இரண்டு பிளகின்கள், அதாவது ஒலியை மாற்றும் துணை மென்பொருள்கள், இருக்கின்றன: ஸ்தாயிகளின் அளவைத் திருத்தும் ஒரு லீனியர் ஃபேஸ் ஈக்யூ, ஒலி எல்லை மீறாமல் பிடிக்கும் ஒரு லிமிட்டர். குரல் எடுக்கலாம் என்று பாடகியை உட்காரவைத்தால், ஹெட்ஃபோனில் அவருடைய குரலே அவருக்குப் பின்னால் தள்ளி வருகிறது. பிளகின்களின் தாமதத்தை ஈடுகட்டும் டிலே காம்பன்சேஷன் மென்பொருளில் ஆனில்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் இப்படி?

டிலே காம்பன்சேஷன் எந்தத் தாமதத்தையும் குறைப்பதில்லை என்பதுதான் காரணம். குடும்பமாகக் கோயிலுக்கு நடந்து போகும்போது, வேகமாகப் போனவர்கள் பாட்டி வந்து சேரும்வரை தெருமுனையில் நிற்பார்களே, அதே வேலையைத்தான் அது செய்கிறது. எந்த டிராக் அதிகம் பிந்துகிறதோ, மற்ற எல்லாவற்றையும் அதற்காக நிறுத்திவைக்கும். எல்லாரும் சேர்ந்து உள்ளே போவார்கள், அவ்வளவுதான். பாட்டியின் நடை வேகமாகாது.

ஏற்கெனவே பதிவான டிராக்குகளுக்கு இது போதும். மிருதங்கமும் கீபோர்டும் நூறு மில்லி செகண்ட் பிந்தி வந்தாலும் சேர்ந்தே வருவதால் கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. ப்ளே அழுத்தியபின் பாட்டு ஒரு கண்சிமிட்டும் நேரம் பிந்தித் தொடங்கும், அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. ஆனால் பாடுபவரின் தொண்டை இப்போது, இந்த நொடியில் ஒலிக்கிறது. இன்னும் பாடாத குரலை முன்னால் இழுத்துக்கொண்டு வர எந்த மென்பொருளாலும் முடியாது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு மில்லி செகண்டுக்கு 48 சாம்பிள். பஃபர் 256 சாம்பிள் என்பது 5.3 மில்லி செகண்ட். அது உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை, ஆக 10.7. மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான இண்டர்ஃபேஸின் கன்வர்ட்டரும் (ஒலியை எண்ணாக மாற்றும் பகுதி) டிரைவரும் (அதை இயக்கும் மென்பொருள்) இன்னும் ஓரிரண்டு சேர்க்கும். தாளத்தைப் பொறுத்தவரை இதுவரை பெரிய குற்றமில்லை. லிமிட்டர் 5 மில்லி செகண்ட் முன்னோக்கிப் பார்க்கும்படி வைத்திருந்தால் அது 240 சாம்பிள். லீனியர் ஃபேஸ் ஈக்யூ 8192 சாம்பிள் நீள ஃபில்டர் என்றால், தாமதம் அதில் பாதி, 4096 சாம்பிள். அதாவது 85 மில்லி செகண்ட். எல்லாம் கூட்டினால் நூறைத் தாண்டிவிடுகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் சதுச்ர நடையில் ஒரு மாத்திரை 125 மில்லி செகண்ட். கிட்டத்தட்ட ஒரு மாத்திரை தள்ளித் தன் குரலைக் கேட்டுக்கொண்டு ஒருவர் தாளத்தோடு பாட வேண்டும் என்றால் எப்படி முடியும்? அவருக்குப் பாட வரவில்லை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். நான் பார்த்த பல வீட்டு ஸ்டுடியோக்களில் பாடுபவர் மீது விழும் பழிக்கு உண்மையான காரணம் இதுதான்.

சில பிளகின்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் வேண்டும் என்று தெரிந்துகொண்டால் எதைக் கழற்றுவது என்பதில் குழப்பம் வராது. சாதாரண ஈக்யூ, உரத்த ஒலியை அமுக்கும் சாதாரண கம்ப்ரெஸர் எல்லாம் வந்த சாம்பிளை வந்தவுடன் வேலை செய்து அனுப்பிவிடும், தாமதம் பூஜ்யமாகவே இருக்கும். லுக் அஹெட் லிமிட்டர் அப்படியல்ல. அடி விழுவதற்கு முன்பே அது ஒலியை இறக்கத் தொடங்க வேண்டும். அடி வரப்போவது தெரிய வேண்டுமானால் ஒலியைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொண்டு வரிசையில் அடுத்து என்ன நிற்கிறது என்று பார்ப்பதுதான் ஒரே வழி. அந்தப் பிடித்துவைக்கும் நேரம்தான் தாமதம். லீனியர் ஃபேஸ் ஈக்யூ ஒவ்வொரு சாம்பிளுக்கும் முன்னும் பின்னும் சம அளவில் பார்த்துக் கணக்குப் போடுகிறது, அதனால் பாதி நீளம் காத்திருக்கிறது. கீழ் ஸ்தாயியில் நுணுக்கம் வேண்டுமென்றால் நீளம் இன்னும் கூடும். இரைச்சல் நீக்கும் பிளகின்கள் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி அலசுபவை, ஒரு துண்டு முழுதாகச் சேரும்வரை அவற்றால் எதுவும் செய்ய முடியாது. ஓவர் சாம்பிளிங்கும் (பிளகின் உள்ளே சாம்பிள் எண்ணிக்கையைக் கூட்டி வேலை செய்வது) சில சமயம் சில பத்து சாம்பிள்களைச் சேர்க்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பாடகியின் டிராக்கில் ஒரு பிளகின்கூட இல்லாமலே அவருக்குத் தாமதம் கேட்கலாம். மாஸ்டரில் கனமான பிளகின் இருந்தால் அவர் குரலும் அதன் வழியாகத்தான் ஹெட்ஃபோனுக்குப் போகிறது. மிருதங்க டிராக்கில் மட்டும் கனமான பிளகின் இருந்தால்கூட, சில மென்பொருள்கள் நேரடிக் குரலையும் அதற்காகக் காக்கவைக்கும். பாடகியின் டிராக் காலியாக இருக்கிறதே என்று நம்பி மற்ற இடங்களைப் பார்க்காமல் விட்டால் இது கண்ணில் படவே படாது.

இனி கொஞ்சம் பின்கதை, அடுத்து வருவதைப் புரிந்துகொள்ள அது தேவைப்படும். டிலே காம்பன்சேஷன் எப்போதும் எல்லா மென்பொருளிலும் இருந்த வசதி அல்ல. ப்ரோ டூல்ஸ் என்ற பதிவு மென்பொருளில் விலை குறைந்த எல்இ பதிப்பைப் பயன்படுத்தியவர்கள் டைம் அட்ஜஸ்டர் என்ற பிளகினை மற்ற டிராக்குகளில் போட்டு, சாம்பிள் கணக்கைக் கையால் நிரப்பி ஒன்றோடொன்று பொருத்தினார்கள். தனி ஹார்டுவேர் கார்டு இல்லாமல் ஓடும் ப்ரோ டூல்ஸுக்கு அது தானாக நடக்கும் வசதி வந்தது 2010-இல், 9-ஆம் பதிப்பில். இன்று அந்தக் கூட்டல் கழித்தலை மென்பொருளே செய்கிறது. ஆனால் எதை வைத்துச் செய்கிறது? ஒவ்வொரு பிளகினும் தானாகவே 'எனக்கு இவ்வளவு நேரம் ஆகும்' என்று சொல்கிறது. விஎஸ்டி3 என்ற வகைப் பிளகின் அதைச் சாம்பிளில் சொல்லும், ஆப்பிளின் ஏயு வகைப் பிளகின் விநாடியில் சொல்லும். மென்பொருள் அதை அப்படியே நம்புகிறது, அளந்து பார்ப்பதில்லை. பிளகின் தவறாகச் சொன்னால் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

எனக்கு அது நேர்ந்திருக்கிறது. ஒரு மிருதங்க டிராக்கை இரட்டித்து, நகலை ஒரு இலவச கம்ப்ரெஸரில் நன்றாக நசுக்கி, அசலுக்கு அடியில் கலந்தேன். அடி கனமாகும் என்றுதான் செய்தேன். கனமாகவில்லை, மெலிந்தது. தொப்பியின் (மிருதங்கத்தின் கனத்த ஒலிப் பக்கத்தின்) கும்கி தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. முதல் ஒரு மணி நேரம் மைக் வைத்த இடத்தைச் சந்தேகித்தேன். அடுத்த ஒரு மணி நேரம் ஈக்யூவைத் திருகிக்கொண்டிருந்தேன். வாசித்தவரைத் திரும்ப அழைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

கடைசியில் செய்தது இதுதான், நீங்களும் எந்த பிளகினையும் இப்படிச் சோதிக்கலாம். ஒரே டிராக்கின் இரண்டு நகல்கள். ஒன்றில் பிளகினைப் போட்டு எதையும் மாற்றாத நிலையில் வைக்க வேண்டும், கம்ப்ரெஸர் என்றால் ரேஷியோ, அதாவது அமுக்கும் விகிதம், ஒன்றுக்கு ஒன்று. மற்றதில் பொலாரிட்டியைத் திருப்ப வேண்டும், அதாவது அலையைத் தலைகீழாக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றையொன்று அழித்து முழு அமைதி வரவேண்டும். எனக்கு அமைதி வரவில்லை, தாளம் மெலிதாகக் கரகரத்துக்கொண்டே கேட்டது. அசல் நகலை ஒவ்வொரு சாம்பிளாகப் பின்னுக்கு நகர்த்தினேன். 60, 61, 62. ஒலி இறங்கிக்கொண்டே வந்தது. 64-இல் சட்டென்று நின்றுவிட்டது. மீட்டரில் அசைவே இல்லை. அந்த கம்ப்ரெஸர் 64 சாம்பிள் தாமதிக்கிறது, ஆனால் பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறது.

64 சாம்பிள் என்பது 1.33 மில்லி செகண்ட். காதுக்குத் தாமதமாகத் தெரியவே தெரியாது. ஆனால் ஒரே ஒலி அந்த இடைவெளியில் தன்னோடு சேரும்போது 375 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அழிக்கிறது, பிறகு 1125-இல், பிறகு 1875-இல், இப்படியே சீப்பின் பல்போல மேலே போகிறது. மிருதங்கத்தின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. இதைப் பார்த்தபின் நான் ஒரு விஷயத்தில் உறுதியாகிவிட்டேன். ஒரே ஒலியின் இரண்டு பிரதிகள் எங்கே கலந்தாலும் சாம்பிள் பிசகக்கூடாது. பாடகியின் ஹெட்ஃபோனுக்கும் இது பொருந்தும். அவர் தன் குரலை எலும்பு வழியாக உள்ளேயும் கேட்கிறார், ஹெட்ஃபோனிலும் கேட்கிறார். மூன்று நான்கு மில்லி செகண்ட் பிசகிலேயே 'என் குரல் வேற மாதிரி இருக்கு' என்று சொல்வார். அவர் சொல்வது சரிதான்.

பதிவான குரல் டைம்லைனில் எங்கே உட்காருகிறது என்பது தனி விஷயம். இண்டர்ஃபேஸின் டிரைவர் சொல்லும் தாமதத்தைக் கழித்து மென்பொருள் பதிவான டேக்கை முன்னுக்கு இழுத்து வைக்கும். அந்த டிரைவரும் தவறாகச் சொல்லக்கூடும். ஒரு கேபிளை எடுத்து இண்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டில் செருகுங்கள். மானிட்டரிங்கை (உள்ளே வரும் ஒலியை மென்பொருள் அப்படியே வெளியே அனுப்புவதை) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றிக் கத்தும். ஒரு டிராக்கில் கிளிக்கை ஓடவிட்டு, இன்னொன்றில் அதைப் பதிவு செய்து, அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். என் பழைய இண்டர்ஃபேஸில் பதிவான கிளிக் 97 சாம்பிள் பிந்தி உட்கார்ந்திருந்தது, அதாவது 2 மில்லி செகண்ட். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ரெக்கார்டிங் அமைப்பில் இதை ஈடுகட்டத் தனிக் கட்டம் இருக்கிறது, க்யூபேஸ் மென்பொருளிலும் உண்டு. ஒரு முறை நிரப்பினால் போதும். 2 மில்லி செகண்டுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். ஆனால் முதல் கோரஸ் குரலைக் கேட்டு இரண்டாவதும், இரண்டாவதைக் கேட்டு மூன்றாவதும் பாடும்போது பிசகு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்.

சரி, இன்று மாலை பாடகி வந்தால் என்ன செய்வது? மாஸ்டரில் உள்ள லீனியர் ஃபேஸ் ஈக்யூவையும் லிமிட்டரையும் செயலிழக்கச் செய்யுங்கள். பிளகினைத் தற்காலிகமாகத் தாண்டிப் போகச் செய்யும் பைபாஸ் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பல மென்பொருள்களில் பைபாஸ் செய்தாலும் தாமதம் அப்படியே நிற்கும், பாட்டு நடுவில் துள்ளக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். செயலிழக்கச் செய்வதன் பெயர் ரீப்பரில் ஆஃப்லைன், ப்ரோ டூல்ஸில் இனாக்டிவ். லாஜிக் மென்பொருளில் லோ லேட்டன்சி மோட், க்யூபேஸில் கன்ஸ்ட்ரெயின் டிலே காம்பன்சேஷன் என்ற பொத்தான்கள் இந்த வேலையை ஒரே அழுத்தில் செய்துவிடும். ரீப்பர் என்றால் எஃப்எக்ஸ் ஜன்னலின் அடியில் ஒவ்வொரு பிளகினின் தாமதமும் சாம்பிளில் தெரியும். பெரிய எண்ணைக் காட்டுவதை எல்லா டிராக்கிலும் தேடுங்கள்.

பிறகு பஃபரை 128-க்கு இறக்குங்கள். கம்ப்யூட்டர் திணறி ஒலி வெடித்தால் மற்ற டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள் (பிளகின் வேலையை முன்பே முடித்து ஒலிக்கோப்பாக்குவது), அல்லது கீபோர்டு மிருதங்கம் அனைத்தையும் ஒரே ஸ்டீரியோ கோப்பாக எடுத்து, புது ப்ராஜெக்டில் வைத்துக் குரலை மட்டும் அங்கே பதியுங்கள். நான் பெரும்பாலும் செய்வது இதைத்தான். மிக்ஸ் கையில் இல்லாததால் நடுவில் எதையும் திருகத் தோன்றாது, பாடுபவரைக் கவனிக்க முடிகிறது. உங்கள் இண்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரிங் (குரலைக் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் வசதி) இருந்தால் குரலை அதிலேயே கேட்கவையுங்கள். மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை மறக்காமல் அணையுங்கள், இல்லையென்றால் அவருக்கு இரண்டு குரல் கேட்கும். வறண்ட குரலில் பாடப் பிடிக்கவில்லை என்பார். அதற்கு ரீவெர்பை (கூடத்தில் ஒலி எதிரொலிப்பதுபோன்ற விளைவை) மட்டும் மென்பொருளிலிருந்து அனுப்பலாம், அசல் குரல் கலக்காத முழு ஈர ஒலியாக. ரீவெர்ப் பத்துப் பதினைந்து மில்லி செகண்ட் பிந்துவது யாருக்கும் உறுத்தாது, கூடத்தின் எதிர்ச்சுவரிலிருந்து ஒலி திரும்பி வரவே அதற்கு மேல் ஆகும்.

குரல் எடுத்து முடித்ததும் பஃபரை 1024-க்கு ஏற்றி, கழற்றிய பிளகின்களைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். அப்போது டிலே காம்பன்சேஷன் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.