புதுச்சேரி ஏன் நாலு துண்டாக இருக்கிறது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வரைபடத்தில் கேரளாவிலும் ஆந்திராவிலும் புள்ளி வைத்துப் புதுச்சேரி என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா?

பிழை இல்லை. புதுச்சேரி, அதற்குத் தெற்கே காரைக்கால், கேரளத்தில் தலச்சேரிக்குப் பக்கத்தில் மாஹே, ஆந்திரத்தில் காக்கிநாடா பக்கம் ஏனாம். இந்த நான்கும் சேர்ந்ததுதான் ஒன்றியப் பிரதேசம். மாஹே 600 கிலோமீட்டருக்கும் அப்பால், ஏனாம் 800க்கும் அப்பால். மாஹேயின் பரப்பு வெறும் 9 சதுர கிலோமீட்டர். மலையாளிகள் அதை மய்யழி என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வியாபாரத்துக்காக எங்கெங்கே இடம் பிடித்தார்களோ அதுவே இன்றைய எல்லை. காரைக்காலைத் தஞ்சை மராட்டிய அரசரிடம் 1739இல் வாங்கினார்கள். இந்தக் கணக்கில் ஐந்தாவதாக இருந்த சந்தர்நகர் மட்டும் மேற்கு வங்கத்தோடு போய்விட்டது.

கேள்வி: பாகூர் பக்கம் பைக்கில் போனால் தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று மாறி மாறி வருகிறதே?

புதுச்சேரிப் பகுதியே ஒட்டுப்போட்ட துணி மாதிரிதான். கிராமங்களை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்சியாளர்களிடம் இருந்து பெற்றார்கள். இடையில் ஆங்கிலேயர் பலமுறை பிடுங்கினார்கள். கடைசியில் 1814 பாரிஸ் உடன்படிக்கையில், 1792 தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் கையில் என்ன இருந்ததோ அதை மட்டும் திருப்பித் தந்தார்கள். கோட்டை கட்டக் கூடாது, காவலுக்குத் தேவையான படை போதும் என்ற நிபந்தனையோடு. பலகை இல்லாத இடத்தில் மதுக்கடை வரிசையைப் பார்த்தே எல்லையைக் கண்டுபிடித்துவிடலாம், அது வேறு விஷயம்.

கேள்வி: ஆட்சிமொழி எது? பிரெஞ்சு இன்னும் இருக்கிறதா?

1965 சட்டப்படி தமிழ். ஆங்கிலமும் புழக்கத்தில் உண்டு. மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. பிரெஞ்சு கதைதான் சுவையானது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காதவரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று, இந்தப் பகுதிகளை ஒப்படைக்க இந்தியாவும் பிரான்சும் போட்ட 1956 ஒப்பந்தம் சொன்னது. நடைமுறையில் அது தெருப் பலகையிலும் சில பள்ளிகளிலும் பழைய குடும்பங்களிலும்தான் தங்கியிருக்கிறது.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு தாத்தாவை 'சொல்தா' என்கிறார்கள். அவர் பிரெஞ்சுக்காரரா?

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரைப் பாண்டியில் அப்படித்தான் சொல்வார்கள். குடியுரிமை தனி விஷயம். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுக்குக் கைமாறியபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை நீடித்தது. அவர்களும் வாரிசுகளும் இன்றும் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். இன்னொரு கூட்டமும் உண்டு. 1881 ஆணையின்படி தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள், 'ரெனோன்சான்'கள். அவர்களின் வழிவந்தவர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்தாலும் திருமணம், சொத்து விவகாரங்களில் அந்தச் சட்டமே பொருந்துகிறது. பாண்டி வக்கீல்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

கேள்வி: ஆகஸ்ட் 15க்கு அடுத்த நாளும் ஏன் லீவு?

1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், எதிர்த்து 8 பேர். நவம்பர் 1 முதல் நிர்வாகம் நம் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் அல்ஜீரியப் போர் முடியும்வரை இழுத்தடித்து, 1962 ஆகஸ்ட் 16இல்தான் முடித்தது. லீவு அதற்காக.

கேள்வி: சட்டமன்றம் இருக்கும்போது மாநில அந்தஸ்து எதற்குக் கேட்கிறார்கள்?

1963 சட்டம் சட்டமன்றம் கொடுத்தது. கடைசிச் சொல்லைக் கொடுக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் 30 பேர்: புதுச்சேரி 23, காரைக்கால் 5, மாஹே 1, ஏனாம் 1. இதற்கு மேல் 3 பேர் வரை ஒன்றிய அரசு நியமிக்கலாம், புதுச்சேரி அரசைக் கேட்காமலே. 2018இல் உச்ச நீதிமன்றமும் அது சரி என்றது. நியமன உறுப்பினர்களுக்கு வாக்குரிமை உண்டு. 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்தபோது அதுவே பெரிய சர்ச்சை. முப்பது பேர் அவையில் மூன்று வாக்கு சின்ன எண் இல்லை. அப்புறம் துணைநிலை ஆளுநர். முதல்வர் அனுப்பும் கோப்பு அங்கே நின்றால் நின்றதுதான். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த இழுபறி வந்திருக்கிறது, அதனால் இது ஆள் பிரச்சினை இல்லை, அமைப்பின் பிரச்சினை என்பது என் கருத்து.

கேள்வி: மாஹேக்காரர்களுக்குத் தனி எம்.பி. உண்டா?

இல்லை. நான்கு பகுதிக்கும் ஒரே மக்களவைத் தொகுதி. ஹைகோர்ட்டும் சென்னைதான், ஏனாமில் இருந்தாலும்.