லாரி முகப்பு விளக்கு: பல்பை மாற்றுவதற்கு முன் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள்

சங்ககிரியைச் சேர்ந்த, சொந்த லாரியைத் தாமே ஓட்டும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “2014 மாடல் பத்துச் சக்கர லாரி. சிமென்ட் ஏற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று இரவுகள் பாலக்காடு வழியாகக் கேரளத்துக்குப் போய்வருகிறேன். ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. டிம்மில் போகும்போது ஓரத்தில் நடந்து போகிறவர் மிகவும் கிட்டே வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறார். எல்இடி கிட் போட்டால் மூன்று மடங்கு வெளிச்சம் வரும் என்று கடைக்காரர் சொல்கிறார். எங்கள் எலெக்ட்ரீஷியன் நூறு வாட் பல்பு போட்டால் போதும் என்கிறார். எதைப் போடுவது? எனக்கு வயது ஐம்பத்திரண்டு.”

இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். உங்கள் லாரியில் இருக்கும் ஹாலஜன் பல்பு தர வேண்டிய வெளிச்சத்தையே நீங்கள் இன்னும் முழுமையாகப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பது என் எண்ணம். பத்து வருடங்களுக்கு மேல் ஓடிய லாரி “வெளிச்சம் இல்லை” என்று பட்டறைக்கு வரும்போது, பல்பில் குற்றம் இருந்ததை விட, மின்சாரம் பல்புக்கு வந்து சேரும் வழியில் குற்றம் இருந்ததையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

24 வோல்ட் லாரிகளில் பரவலாக இருக்கும் எச்4 பல்பு, பிரைட்டில் 75 வாட்டும் டிம்மில் 70 வாட்டும் எடுக்கும். அதன் வெளிச்சம் 28 வோல்ட்டில் அளந்து தரப்படுத்தப்பட்டது. அந்த வோல்ட்டேஜில் பிரைட்டில் சுமார் 1,900 லூமனும் (லூமன் என்பது ஒளியின் அளவு) டிம்மில் சுமார் 1,200 லூமனும் தரும். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்நேட்டர் பேட்டரிக்குத் தருவதும் ஏறக்குறைய அதே 28 வோல்ட்தான். ஆனால் ஹாலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு: வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு குறையும். பேட்டரியில் 28 வோல்ட் இருந்து, பல்பின் முனையில் 25.2 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்றால், குறைந்தது பத்தில் ஒரு பங்கு வோல்ட்டேஜ். போனதோ ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு வெளிச்சம். பழைய லாரிகளில் ஹெட்லைட்டுக்கான மொத்த மின்சாரமும் டாஷ்போர்டு ஸ்விட்ச், ஸ்டியரிங் பக்கத்தில் டிம், பிரைட் மாற்றும் டிப்பர் ஸ்விட்ச், பச்சைப் பூத்த நாலைந்து கனெக்டர்கள், மெல்லிய ஒயர்கள் என எல்லாவற்றையும் கடந்துதான் விளக்குக்கு வருகிறது. அந்த வழியில் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது.

ஆகவே முதல் வேலை அளப்பது. சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஐடிலுக்குச் சற்று மேலே ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, முதலில் இரண்டு பேட்டரிகளையும் சேர்த்து வெளி முனைகளில் (ஒன்றின் பிளஸ், மற்றதன் மைனஸ்) அளவு எடுங்கள். பிறகு பல்பைக் கழற்றாமல், அது எரிந்துகொண்டிருக்கும்போதே, ஹோல்டரின் பின்பக்கம் ஒயர் நுழையும் இடத்தில் இரண்டு ஊசிகளையும் வைத்து அளவு எடுங்கள். பல்பைக் கழற்றி வைத்துவிட்டு ஹோல்டரில் அளந்தால் ஒயர் எவ்வளவு கெட்டுப்போயிருந்தாலும் வோல்ட்டேஜ் முழுதாகத்தான் காட்டும். “கரண்ட் சரியாகத்தான் வருது, பல்புதான் கோளாறு” என்று பல பட்டறைகளில் தீர்ப்புச் சொல்வது இந்தத் தவறான அளவை வைத்துத்தான். இரண்டு அளவுகளுக்கும் வித்தியாசம் ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங் நல்ல நிலையில் இருக்கிறது. ஒன்றரையைத் தாண்டினால் எந்தப் பல்பை வாங்கிப் போட்டாலும் பாதிப் பணம் வீண்.

இழப்பு எந்தப் பக்கம் என்பதையும் அதே மீட்டர் சொல்லும். ஓர் ஊசியைப் பேட்டரியின் அதே மைனஸ் முனையிலும், மற்றதை ஹோல்டரின் எர்த் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. லாரி கேபின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், கேபின் தகட்டில் ஸ்க்ரூ அடித்து எடுத்த எர்த் நாளடைவில் துருவும் பெயின்ட்டும் சேர்ந்து கெட்டுப்போகும். சேஸிஸில் பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் டெர்மினல் வைத்து இறுக்கிய எர்த் ஒயரைத் தனியாக ஹெட்லைட்டுக்கு இழுத்துவிட்டால், சில லாரிகளில் இந்த ஒரு வேலையிலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பிளஸ் பக்கம் இழப்பு இருந்தால் ரிலே போட வேண்டும். ரிலே என்பது சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தை இணைத்துவிடும் ஸ்விட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு 24 வோல்ட் ரிலேக்கள் வைத்து, பேட்டரியிலிருந்தோ ஸ்டார்ட்டர் மோட்டாரின் தடித்த முனையிலிருந்தோ நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுக்க வேண்டும். பழைய ஸ்விட்ச் ஒயர் அந்த ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யும். இரண்டு பல்புகளும் சேர்ந்து ஆறு ஆம்பியர் அளவில்தான் எடுக்கும் என்பதால் ஒவ்வொரு ரிலேக்கும் 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அந்த ஃபியூஸ், மின்சாரம் எடுக்கும் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஹெட்லைட் பக்கத்தில் ஃபியூஸை வைத்துவிட்டு, நடுவில் நான்கு மீட்டர் ஒயரைப் பாதுகாப்பில்லாமல் சேஸிஸில் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒயர் உரசிக் கிழிந்தால் தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை. கேபினைச் சாய்க்கும் இடத்தில் ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விடச் சொல்லுங்கள். முறுக்கி டேப் ஒட்டும் இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது, உலோக முனை வைத்து நசுக்கி இறுக்கும் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். உருகிக் கறுத்த ஹோல்டரை எறிந்துவிட்டு செராமிக் ஹோல்டர் போடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ரிலே பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டுப் புது லாரியின் ஒயரை வெட்டியவர்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்ததற்குப் பிறகு வாங்கிய லாரி உங்களிடமோ உங்கள் நண்பரிடமோ இருந்தால், அதில் இந்த ரிலே வேலையைச் செய்யாதீர்கள். அவற்றில் பலவற்றின் விளக்குகளை ஒரு கன்ட்ரோல் யூனிட்டே கவனித்துக்கொள்கிறது. எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதைக்கூட அது கண்காணிக்கும். நடுவில் ஒயரை வெட்டினால் பல்பு ஃபியூஸ் போய்விட்டதாக நினைத்து டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், வாரன்ட்டி போகும், யூனிட்டே பழுதானால் செலவு தாங்காது. அதற்கு முந்திய மாடல்கள் சிலவற்றிலும் கம்பெனியே ரிலே வைத்துத்தான் அனுப்பியிருக்கிறது. உங்கள் 2014 லாரியும் அப்படி இருக்கலாம். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு டிம், பிரைட் மாற்றிப் பாருங்கள். உள்ளே ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் ரிலே ஏற்கெனவே இருக்கிறது. அப்போது புதிதாக எதையும் சேர்க்காமல், அந்த ரிலேயையும் அதன் கனெக்டரையும் மாற்றிவிட்டு மறுபடி அளந்தாலே போதும்.

இப்போது எல்இடி கிட். எச்4 பல்பின் டிம் இழைக்கு அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கும். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைப்பதால்தான் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் வெளிச்சம் சாலையில் விழுகிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை எந்த மில்லிமீட்டரில் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டு வார்க்கப்பட்டது. அந்த இடத்தில், இரண்டு தட்டையான பக்கங்களிலும் சில்லுகள் ஒட்டிய எல்இடியைச் செருகினால், ஒளி சரியான புள்ளியிலிருந்து கிளம்புவதில்லை. வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில் தரை வெள்ளை வெளேரென்று தெரியும், ஓட்டுநருக்குத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கிட்ட வெளிச்சத்துக்குக் கண் பழகிவிடுவதால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிறது. நடந்து போகிறவர் தெரியவில்லை என்பதுதானே உங்கள் குறை? அந்தக் குறை கூடவே செய்யும். கூடுதலாக எதிரே வருகிற பைக்காரருக்கும் கண் கூசும். பெட்டியில் அச்சடித்திருக்கும் இருபதாயிரம் லூமன் என்ற எண்ணை நம்பாதீர்கள். விரலளவு இடத்தில் அவ்வளவு ஒளியை உண்டாக்கினால் எழும் சூட்டை அந்தச் சின்ன ஃபேனால் வெளியேற்றவே முடியாது. அந்த ஃபேனும் நம் சாலைத் தூசியில் அதிக நாள் சுற்றாது.

இதை விட மோசமான ஒரு வேலை இருக்கிறது. கையில் 12 வோல்ட் கிட் மட்டும் இருந்தால், இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து இணைத்துவிடுவார்கள். ஸ்டீரியோவுக்கும் இதையே செய்கிறார்கள். ஆல்டர்நேட்டர் இரண்டு பேட்டரிகளையும் ஒரு ஜோடியாகத்தான் சார்ஜ் செய்கிறது. ஒன்றிலிருந்து மட்டும் உறிஞ்சினால் அது பட்டினி கிடக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். ஆறு மாதத்தில் இரண்டும் போன பிறகு, “பேட்டரி கம்பெனி சரியில்லை” என்று சொல்லிப் புதுப் பேட்டரியையும் அவர்களே விற்பார்கள். உங்கள் லாரியில் இரண்டு பேட்டரிகளுக்கு நடுவிலிருந்து ஒயர் எடுத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

நூறு வாட் பல்பு சாலை உபயோகத்துக்கு அங்கீகரிக்கப்பட்டதல்ல. ஏற்கெனவே திணறும் ஒயரில் அது இன்னும் அதிக மின்சாரம் இழுக்கும். அதனால் ஒயரில் இழப்பும் கூடும், ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகும். நீல நிறப் பல்பும் வேண்டாம். அந்த நீலப் பூச்சு ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்துத்தான் நீலமாகத் தெரிகிறது. அங்கீகாரக் குறியாக வட்டத்துக்குள் ‘E’ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் பொறித்த, 24 வோல்ட் 75/70 வாட் தெளிவான பல்புகளை ஜோடியாக வாங்கி, கண்ணாடியில் விரல் படாமல் மாட்டுங்கள். ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் துடைக்காதீர்கள், பூச்சு கையோடு வந்துவிடும். விளக்கை முழுதாக மாற்றுங்கள். அப்போதும் ஒரு பொறி இருக்கிறது: சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்குகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் டிம் ஒளி வலப்பக்கம் மேலே ஏறும், அதாவது நேராக எதிரே வருகிறவர் முகத்துக்கு. நமக்கு வேண்டியது இடப்பக்கம் ஏறுவது.

கடைசியாக, ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடிய, யாருமே செய்யாத வேலை: விளக்கின் குறி, அதாவது ஒளி எவ்வளவு உயரத்தில் விழுகிறது என்பதைச் சரிசெய்வது. சமதரையில், வழக்கமான சுமையோடு, சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி லாரியை நிறுத்துங்கள். பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கும் என்பதால் காலி வண்டியில் வைத்த குறி லோடு ஏற்றியதும் மாறிவிடும். விளக்கின் மைய உயரத்தில் சுவரில் கோடு போட்டுக்கொண்டு டிம்மைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கு பத்து மீட்டருக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் எண்பது மீட்டர் தாண்டித் தரையைத் தொடும். முப்பது சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் முப்பத்து மூன்று மீட்டரிலேயே முடிந்துவிடும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் லோடு லாரி, ஓட்டுநர் சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்து, நல்ல சாலையில் நிற்கவே ஐம்பது மீட்டருக்கு மேல் வேண்டும். உங்களுக்கு ஆள் கிட்டே வந்த பிறகே தெரிவதற்கு இந்தக் குறியே முழுக் காரணமாக இருக்கலாம்.

எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் அதைச் சுவரில் வைத்துச் சரிபார்த்த எஃப்சி (வாகனத் தகுதிச் சான்றுக்கான சோதனை) ஒன்றையும் என் முப்பது வருடத் தொழிலில் நான் நேரில் பார்த்ததில்லை. விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். எஃப்சிக்கு முதல் நாள் நல்ல பல்பை வாடகைக்கு மாட்டிவிட்டு மறுநாள் கழற்றிக்கொள்ளும் புரோக்கரை எனக்குத் தெரியும். சாலையில் நிறுத்தினாலோ கண்ணாடியின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். அது இருக்கிற வெளிச்சத்தையும் மறைக்குமே தவிர, மேலே தூக்கிய ஒளியைக் கீழே இறக்காது. குறி வைக்கும் திருகு இரண்டு நிமிட வேலை. அதைத் திருப்ப யாருக்கும் நேரமில்லை.

இவ்வளவும் செய்து, பல்பில் 27 வோல்ட்டுக்கு மேல் வந்து, குறியும் சரியாக இருந்து, முன் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்த பிறகும் இருட்டாகவே தெரிந்தால், குறை லாரியில் இல்லை. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கொடுத்த மருத்துவச் சான்றிதழை நம்பி இருந்துவிடாதீர்கள். கண்ணைப் பார்க்காமலே கையெழுத்தான சான்றிதழ்கள் ஏராளம். உங்கள் வயதில் கண்புரை மெல்லத் தொடங்கக்கூடும், எதிர்வெளிச்சத்தில் கண் கூசுவதும் இருட்டில் ஆள் தெரியாததும் அதன் தொடக்க அடையாளங்களில் சேர்ந்தவை. கண் மருத்துவரிடம் போய், இரவில் லாரி ஓட்டுகிறேன், எதிர்வெளிச்சம் பட்ட பிறகு பார்வை திரும்ப நேரமாகிறதா என்று பாருங்கள் எனத் தெளிவாகச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.