நிரந்தர வதிவிடம் இல்லாமல் கனடாவில் வீட்டுக் கடன் கிடைக்குமா?

ரொறன்ரோவில் வேலை அனுமதியில் இருக்கும் தம்பிக்கு வீட்டுக் கடன் கிடைக்குமா, பரந்தன் வயற்காணியை விற்று முற்பணம் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும் அக்கா. அங்கே வெளிநாட்டவர் வீடு வாங்க 2023 முதல் தடை உண்டு. ஆனால் வேலை அனுமதி முடிய 183 நாளாவது மீதமிருந்தால் ஒரு வீடு வாங்கலாம். சம்பளம், கடன் வரலாறு இரண்டையும் பார்ப்பார்கள்.

சிக்கல் முற்பணத்தில்தான். காசு எங்கிருந்து வந்தது என்று வங்கி துருவித் துருவிக் கேட்கும். பெரும்பாலும் கடைசி 90 நாள் கணக்கையும் பார்க்கும். வங்கி வழியாக இல்லாமல் உண்டியலில் போன காசுக்குக் காட்ட ஒரு துண்டும் இராது. காணி விற்ற உறுதி, வங்கி ரசீது, ‘இது அன்பளிப்பு, திருப்பித் தரத் தேவையில்லை’ என்று நீங்கள் கையெழுத்து வைத்த கடிதம், எல்லாம் கையில் இருக்கட்டும். இலங்கையிலிருந்து பெருந்தொகை அனுப்பவும் கட்டுப்பாடு உண்டு. நெல் விளையும் காணி அது, அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். முதலில் கிளிநொச்சியில் உங்கள் வங்கியில் கேளுங்கள், அப்புறம் உறுதி எழுதலாம்.