வேலைக்குச் சேரும்போது கம்பெனி நம்மைப் பற்றி எதையெல்லாம் விசாரிக்கலாம்?

விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த படிப்பு, பழைய வேலை, முகவரி எல்லாம் உண்மைதானா என்று பார்ப்பதுதான் பின்னணிச் சரிபார்ப்பு. அந்தியூர்ச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் மாட்டுக்கு யாரும் முன்பணம் கொடுப்பதில்லையே, அதே கணக்கு.

திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கு பார்ப்பவர் கையில் வாரச் சம்பளப் பணம் புழங்கும். கோவை ஐடி கம்பெனி ஊழியரிடம் வாடிக்கையாளரின் தகவல்கள் இருக்கும். அதனால்தான் விசாரிக்கிறார்கள்.

பலர் மாட்டிக்கொள்வது பி.எஃப். விவரத்தில். உங்கள் யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கணக்கில் எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது நின்றீர்கள் என்பது தேதியோடு இருக்கும். எட்டு மாத வேலையை இரண்டு வருடம் என்று எழுதினால் அங்கே பல்லிளித்துவிடும். பழைய கம்பெனி நீங்கள் நின்ற தேதியைப் பதியாமல் விட்டிருந்தாலும் வம்புதான். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தது போலத் தெரியும். விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே விசாரிக்க உங்களிடம் கேட்கும் சம்மதப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் அசல் சான்றிதழைக் கம்பெனி பீரோவில் பூட்டி வைத்துக்கொள்வதற்குப் பெயர் சரிபார்ப்பு அல்ல (இங்கே சில இடங்களில் அதைத்தான் செய்கிறார்கள்); காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுங்கள்.

ஒரு போலீஸ் கேஸ் இருந்தாலே வேலை போச்சு என்பது தவறான நினைப்பு: அரசுப் பணி குறித்த 2016 தீர்ப்பில்கூட, வழக்கின் தன்மையையும் அதை மறைத்தாரா என்பதையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.