ரைஜலைப் பெரிதாகப் பார்க்க டெலஸ்கோப் வாங்கலாமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எட்டாவது படிக்கும் மகள், திருவாதிரைக்கு எதிர்ப்பக்கம், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே நீலமாக ஒன்றைக் காட்டி, பெரிதாகப் பார்க்க ஆசைப்படுகிறாள். 525 மடங்கு பெரிதாக்கும் என்று சொல்லி 70 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடி உள்ள டெலஸ்கோப் ஒன்றைக் கடையில் காட்டினார்கள். வாங்கலாமா?”

வேண்டாம். அந்த அளவுக் கண்ணாடியில் 140 மடங்கைத் தாண்டினால் எல்லாம் மங்கித்தான் தெரியும்.

அவள் காட்டியது ரைஜல், நீல மீப்பெரு விண்மீன். சூரியனைப் போல ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு ஒளி வீசுகிறது. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் புதன் சுற்றும் பாதையை நெருங்கிவிடும். ஆனால் அது சுமார் 860 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து ஒளி வந்துசேர அத்தனை ஆண்டுகள் ஆகும்; இன்று நம் கண்ணில் படுவது சோழர் காலத்தில் கிளம்பிய வெளிச்சம். டெல்லியில் ஒருவர் தூக்கிப் பிடிக்கும் ஒரு ரூபாய் நாணயம் தருமபுரியிலிருந்து எத்தனை பெரிதாகத் தெரியுமோ, ரைஜலும் அத்தனைதான். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் இருக்கும் 2.3 மீட்டர் டெலஸ்கோப்பில் பார்த்தாலும் அது புள்ளிதான். இதை மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வாங்கிய அன்றே மனசு விட்டுப்போகும், அது எனக்குப் பொறுக்காது.

10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடி உள்ளது) வாங்கிக் கொடுங்கள். திருவாதிரையையும் ரைஜலையும் மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்தால் புள்ளி வட்டமாக விரிந்து நிறம் நன்றாகத் தெரியும். உலையில் இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏற மஞ்சளாகி, அப்புறம் வெளுக்கிறது இல்லையா? அதே கணக்குதான். திருவாதிரையின் மேற்பரப்பு 3,500 டிகிரி, சிவப்பு. ரைஜல் 12,000 டிகிரி, நீலம். மூன்று நட்சத்திர வரிசைக்குக் கீழே புகைபோல ஒரு திட்டு தெரியும். அங்கே இப்போதும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அந்தத் திட்டைப் பார்க்க அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லது.

ஜனவரி கடைசியில் இரவு ஒன்பதரைக்கு ரைஜல் தெற்கே ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில் நிற்கும். தெருவிளக்கு இல்லாத களத்துமேடு போதும். இருட்டைத் தேடி ஒகேனக்கல் காட்டுச் சாலையில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள், யானை நடமாட்டம் உள்ள இடம்.

ஒரு வருடம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் ஆறு அங்குலக் கண்ணாடி உள்ள டெலஸ்கோப் வாங்கலாம். ரைஜலை ஒட்டி, அதைவிடச் சில நூறு மடங்கு மங்கலாக ஒரு துணை நட்சத்திரம் இருக்கிறது. காற்று அலையாத இரவில் 150 மடங்கு வைத்துப் பார்த்தால், ரைஜலின் கண்கூசும் வெளிச்சத்துக்குள்ளிருந்து அது சின்னப் பொட்டாகப் பிரிந்து தெரியும். அதைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள்.